ஆவுடையப்பன் கலீசியா பார்த்த கதை

உயிரோடு இருந்த காலத்தில் பாளையங்கோட்டையிலிருந்து இந்தா இருக்கிற குற்றாலத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னால், "அங்க என்ன இருக்கு, தண்ணி மேலேருந்து கீழ விழும், நம்ம வீட்டுக் குழாயிலயும் அப்படித்தான விழுது" என்று சொல்லிப் பெண்டாட்டியை வாசல்படி தாண்டவிடாத ஆவுடையப்பன், செத்து இரண்டு வருஷம் கழித்து, ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையில், கலீசியாக் கடற்கரையைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டு நின்ற எங்கள் பேருந்தில், விசா இல்லாமல், பாஸ்போர்ட் இல்லாமல், நெற்றி நிறைய விபூதியும் இடுப்பில் கோடி வேட்டியுமாக ஏறி வந்து, தன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து "நகரு" என்றார். நகர்ந்தேன். செத்தவரிடம் என்ன சண்டை போடுவது?

எங்கள் பேருந்து என்றால் பாளையங்கோட்டைக் காலை நடைக் கழகத்தின் பேருந்து. பேர்தான் நடை. மைதானத்தை அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு எதிர்க்கடையில் உளுந்தவடையும் காப்பியுமாக உட்கார்ந்து, அன்றைக்கு வராதவர்களைப் பற்றிப் பேசி முடித்துவிட்டுக் கலைகிற கூட்டம். தலைவர் ஆதிமூலம் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்ற சங்கதி ஊரில் அவருக்கு மட்டும் இன்னும் தெரியாது. பக்கத்துத் தெரு யோகா மன்றத்துக்காரர்கள் சுவிட்சர்லாந்து போய்ப் பனியில் புரண்டு எடுத்த போட்டோவைக் காட்டிக் காட்டி எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். ஒரு பயலும் பேரே கேள்விப்படாத ஊருக்குப் போனால்தான் "நாங்க ஏற்கெனவே பாத்தாச்சு" என்று எவனும் சொல்ல முடியாது என்று ஆதிமூலம் யோசித்து யோசித்துக் கலீசியாவைப் பிடித்தார். அங்கே என்ன பார்க்க வேண்டும் என்பது கழகத்தில் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

நான் செண்பகம், டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவள், ஆவுடையப்பனின் பெண்டாட்டி உலகம்மாளுக்கு அடுத்த வீடு. அவளை மதினி என்று கூப்பிடுவேன். அந்தக் கூட்டத்திலேயே ஊர் பார்க்க என்று வந்தவள் மதினி ஒருத்திதான். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: நடுவில் யாரும் கூப்பிடாமல் ஒரு கடலைப் பார்த்து முடிக்க வேண்டும். விமானத்திலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடல் வாறப்பல்லாம் ஜன்னல் பக்கம் நான் உக்காந்துகிடட்டா?" என்று பச்சைப்பிள்ளை மாதிரி கேட்டாள். கடல் வராதபோதும் நீயே உட்கார்ந்துகொள் என்று நான் சொல்லியிருந்தேன். அந்த ஜன்னலில்தான் இப்போது மதினியைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார்.

அவர் எப்படி வந்தார் என்பதில் ஒரு மர்மமும் இல்லை. வீட்டைப் பூட்டுமுன் மதினி அவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, "போயிட்டு வாரேன், நீங்களும் வாங்களேன்" என்று சொல்லியிருக்கிறாள். நம்மூரில் யார்தான் சொல்லமாட்டார்கள்? இலையில் உட்கார்ந்திருப்பவன் வாசலில் போகிறவனைப் பார்த்துச் "சாப்பிட வாங்களேன்" என்பான், போகிறவன் "இப்பத்தான் ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் பசியோடு போவான், அதுதான் மரியாதை. அந்த மரியாதை ஆவுடையப்பனுக்கு உயிரோடு இருந்தபோதே கிடையாது, செத்த பிறகா வரப்போகிறது? கூப்பிட்டாள், வந்துவிட்டார்.

கழகம் அவரை ஏற்றுக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. முதலில் குனிந்து காலைப் பார்த்தார்கள். கால் இருந்தது, பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணிகூட ஒரு விரலில் தொங்கிக்கொண்டிருந்தது, அதனால் பேய் இல்லை என்று முடிவாயிற்று. பிறகு ஒருவர் குளிருமே என்று குரங்குக் குல்லாய் கொடுத்தார், ஒருவர் மிக்சர் பொட்டலத்தை நீட்டினார், அங்கே சாப்பாடெல்லாம் எப்படி என்று விசாரித்தார். ஆவுடையப்பன் கடைவாயிலிருந்து ஒரு அரிசியை எடுத்து விரலில் வைத்துக் காட்டி, வாய்க்கரிசி போட்டது ரேஷன் அரிசி, இன்னும் வேகாமல் கிடக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். எல்லோரும் மதினியைத் திரும்பிப் பார்த்தார்கள். கழகத்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா, புருஷன் வந்த பிறகு இவள் சுமங்கலியா இல்லையா என்று அடுத்த ஊர் வருகிற வரைக்கும் வாதாடிவிட்டு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் நெற்றியில் குங்குமத்தை அப்பி, வழியில் வேலியோரம் பூத்துக் கிடந்த நீலப் பூவைப் பறித்துத் தலையிலும் செருகிவிட்டார்கள், அதன்பிறகு தினமும் காலையில் அதே வேலை.

எங்களைக் கூட்டிப்போகிற ரெஜினால்டு நாகர்கோவில்காரர், இந்த மாதிரிக் கூட்டங்களை மேய்த்து மேய்த்துத் தலை நரைத்தவர். அவருக்கு ஒரே கவலை, தலையை எண்ணினால் ஒன்று கூடுகிறதே என்பது. பேருந்து ஓட்டிய மரூஷா அந்த ஊர்க்காரி, என் வயசு இருக்கும், கண்ணாடியில் ஆவுடையப்பனை ஒரு தடவை பார்த்தாள், கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான். இடம்பெயர்ந்த நான் முன்னால் அவள் பக்கத்தில் காலியாகக் கிடந்த சீட்டில் போய் உட்கார்ந்தேன். அது எப்போதும் அவள் காலியாக விடுகிற சீட்டு என்றும், ஏன் என்றும், அவள் சொல்லச் சொல்ல ரெஜினால்டு எனக்குத் தமிழில் சொன்னார்.

அந்தக் கரையின் வடக்குக் கோடியில், மலை போய்க் கடலில் விழுகிற இடத்தில், தெய்ஷிதோ என்று ஒரு சின்ன ஊரும் அதில் புனித அந்திரேயாவுக்கு ஒரு சின்னக் கோயிலும் இருக்கிறது. உயிரோடு அங்கே போகாதவன் செத்த பிறகாவது போயே தீரவேண்டும், பல்லியாகவோ ஓணானாகவோ தவளையாகவோ ஊர்ந்தாவது போகவேண்டும், அதனால் அந்தப் பாதையில் யாரும் எதையும் மிதிக்கமாட்டார்கள். செத்தவரைக் கல்லறையில் போய்க் கூப்பிட்டு, பேருந்தில் அவருக்கென்று ஒரு இடம் விட்டு, இந்தா ஏறுங்கள், இந்தா சாப்பிட இறங்குகிறோம் என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிக் கூட்டிப்போகிற குடும்பங்கள் உண்டு. போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டவரே அவரை இறக்கி, இதுதான் இடம், இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வரவேண்டும். சொல்லாமல் விட்டால் அவர் கூட்டிவந்தவர்களோடேயே வீடு திரும்பிவிடுவார், அப்புறம் அந்த வீட்டை விட்டு எந்தக் காலத்திலும் போகமாட்டார். தெய்ஷிதோ எங்கள் பயணத்தின் கடைசி நாளில் இருந்தது. மதினியிடம் போய் அப்படியே ஒப்பித்தேன். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் பார்த்த ஊர்களைக் கேளுங்கள். லன்சாதா என்றொரு கடற்கரை, வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், அங்கே ஒன்பது அலையைத் தலையில் வாங்கினால் பிள்ளைவரம் கிடைக்கும் என்று அந்த ஊர்ப் பெண்களுக்கு நம்பிக்கை. நம் பெண்கள் விடுவார்களா, மருமகள்களுக்காக என்று சொல்லி நைட்டியோடு இறங்கி, அலையில் விழுந்ததை வீடியோ எடுத்து, இந்நேரம் நியூஜெர்சியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும் மருமகளுக்கு அனுப்பினார்கள். மதினி வரம் கேட்டு இறங்கவில்லை, சும்மா இறங்கினாள். ஒவ்வொரு அலைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், மூக்கில் தண்ணீர் ஏறினால் சிரித்தாள், அவள் பல் அத்தனை வரிசை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எட்டாவது அலை போய் ஒன்பதாவது தூரத்தில் எழும்பி வருகிறபோது, பேருந்து ஜன்னலிலிருந்து, "ஏளா, ஈரச் சேலையோட வண்டியில ஏறப்படாது, வெளிய வா" என்று சத்தம் வந்தது. வந்துவிட்டாள். அந்த அலை அவள் நின்ற இடத்தில் ஒருத்தரும் இல்லாமல் விழுந்தது, எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜன்னலை நோக்கி ஒரு பிடி மணலை வாரி எறிந்தேன்.

அவர் எந்த இடத்திலும் கீழே இறங்கமாட்டார். மரூஷா சொன்னபடி மதினி ஒவ்வொரு ஊரிலும் "இறங்குறீங்களா" என்று கேட்பாள், "அங்க என்ன இருக்கு, இங்கேருந்தே தெரியுதே" என்பார். இங்கேருந்தே அவருக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு சந்தையில் செப்புக் கொப்பரையில் ஆக்டோபஸை வேகவைத்து, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கி, மரத்தட்டில் உருளைக்கிழங்கு மேல் பரப்பி, எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுக்கிறார்கள். பாளையங்கோட்டையில் முட்டை என்ற சொல்லைக்கூட வெள்ளிக்கிழமை சொல்லாத ஆதிமூலமும் அவர் சேக்காளிகளும், உருளைக்கிழங்குதான் தின்கிறோம், மேலே கிடப்பது இந்த ஊர்க் கிழங்கு வகை என்று ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் ஆளுக்கு இரண்டு தட்டு தின்றார்கள். ஜன்னலிலிருந்து ஆவுடையப்பன் எல்லாவற்றையும் பார்த்தார். ஏறினதும் ஆதிமூலத்திடம், "வீட்ல சொல்லமாட்டேன் வே" என்றார். அன்றிலிருந்து கழகத்துக்கு அவர் குலதெய்வம் ஆகிவிட்டார்.

பினிஸ்தெரே முனைக்குப் போனோம். அந்தக் காலத்தில் உலகமே அங்கே முடிகிறது என்று நினைத்தார்களாம். யாத்திரைக்காரர்கள் வாரக்கணக்கில் நடந்து வந்து, புண்ணான காலோடு அந்தப் பாறையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அழுகிறார்கள். நம் நடைக் கழகத்தார் பேருந்திலிருந்து இறங்கி, கல்லில் கிடந்த அவர்கள் செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடந்து வந்தவர்கள் மாதிரி மூச்சு வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஜன்னலிலிருந்து ஆவுடையப்பன், "உலகத்துக்கு முடிவுன்னாங்க, அந்தாலயும் தண்ணிதான கெடக்கு" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாவற்றையும் பார்த்து ஆகா ஆகா என்று வாயைப் பிளந்து தாடை வலித்துக் கிடந்த ஜென்மங்களுக்கு, இதில் ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரு பெரிய மனுஷன் கிடைத்துவிட்டார். அதற்கப்புறம் கலங்கரை விளக்கத்தைக் காட்டினாலும் "என்ன இருக்கு", கடலில் மிதக்கிற, சிப்பி வளர்க்கிற தெப்பங்களைக் காட்டினாலும் "என்ன இருக்கு". பாவம் ரெஜினால்டு, நாலு நாளில் அவர் முகமே செத்துவிட்டது.

மதினி மட்டும் முனையில் தள்ளிப்போய் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது, கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு இல்லை. "எவ்வளவு பெரிசு பாரு செம்பகம்" என்றாள், "இவ்வளவு பெரிசா இருந்துட்டு என்கிட்ட ஒண்ணுமே கேக்கல." அடுத்த நிமிஷம் ஜன்னலிலிருந்து காப்பி எங்கே என்று சத்தம் கேட்டது, ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அந்த ஊர் ரொட்டி அவருக்கு ஆகாது. அதனால் மதினி தினமும் விடிகாலையில் எழுந்து, குளியலறை பிளக்கில் கரண்ட் குக்கரைச் செருகி, புகை மணி அடித்துவிடக் கூடாதே என்று அதற்குத் துண்டைப் போர்த்திவிட்டு, சோறு வடித்துத் தயிர்சாதம் பிசைந்து தூக்குவாளியில் எடுத்துக்கொண்டுதான் பேருந்து ஏறினாள். கடைசி நாளுக்கு முந்தின நாள் அந்தக் குளியலறையில் ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னதை மறக்கமாட்டேன். "அவுக சர்க்கரைச் சீக்காளி, வீட்ல சீனியே வாங்கப்படாதும்பாக. இந்த ரெண்டு வருசந்தான் எனக்குன்னு ஒரு காப்பி போட்டேன், எனக்கு வேணுங்கிற மட்டும் சீனி போட்டேன். அதுவும் போச்சு." இறக்கி விட்டுவிட்டு வா மதினி என்றேன். "எப்படிச் சொல்ல? ஒரு நாளும் சொன்னதில்லையே" என்று அழுதாள்.

கடைசி நாள் காலைப் பலகாரத்தின்போது ஆதிமூலம் எழுந்து கரண்டியால் தம்ளரைத் தட்டினார். ஆவுடையப்பன் நம் கழகத்தின் சொத்து, அவரை அந்நிய மண்ணில் விட்டுவிட்டுப் போவது நம் பண்பாடு இல்லை, யோகா மன்றத்துக்காரன் பனியைப் போட்டோ பிடித்துக்கொண்டுதான் வந்தான், நாம் ஆளையே நம்ம ஊரில் கொண்டுபோய் இறக்குவோம் என்றார். கை தூக்கினார்கள். மதினிக்கும் ஒரு துணையாச்சே என்று பெண்களும் தூக்கினார்கள், இவர்களில் பாதிப்பேர் தங்கள் துணையை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு வந்தவர்கள். நான் தூக்கவில்லை. மதினியிடம் யாரும் கேட்கவில்லை, அவள் எழுந்து எல்லோருக்கும் இட்லிப்பொடி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

தெய்ஷிதோவுக்கு மலை வளைந்து வளைந்து இறங்குகிறது, ஒரு பக்கம் புதர், ஒரு பக்கம் அதல பாதாளத்தில் கடல். சரிவில் வெள்ளையும் கல்லுமாகக் கோயில், வழியெல்லாம் வர்ணம் பூசின ரொட்டிப் பொம்மை விற்கிற கடைகள், கற்சுவரெங்கும் பல்லிகள், அரணைகள், ஒன்றுக்கும் அவசரமில்லை. மரூஷா வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு மதினியைப் பார்த்தாள். மதினி எழுந்து, "எறங்குங்க, எடம் வந்துட்டு" என்றாள்.

"அங்க என்ன இருக்கு?" என்றார் ஆவுடையப்பன். "நீ போயிட்டு வெரசா வா."

ஆதிமூலம் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். மதினி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கிப் போனாள். சுவரோரம் ஒரு கல்மேடை இருந்தது. அதை முந்தானையால் துடைத்தாள், தட்டை வைத்தாள், தயிர்சாதத்தை உருட்டி வைத்தாள், பக்கத்தில் நார்த்தங்காய் ஊறுகாயை வைத்தாள், தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். பிறகு பேருந்தைப் பார்த்து, பாளையங்கோட்டையில் தினமும் நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்ட அதே குரலில் கூப்பிட்டாள்.

"சாப்பிட வாங்க."

ஆவுடையப்பன் எழுந்தார். குற்றாலத்துக்கு எழுந்திருக்காதவர், பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு எழுந்திருக்காதவர், அந்தச் சத்தத்துக்கு மட்டும் என்றைக்கும் எழுந்தவர், எழுந்தார். ஆதிமூலம் கையைப் பிடித்து இழுத்தார், பேசிப்பார்த்தார், ஆக்டோபஸ் வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டார். தட்டு வைத்தாயிற்று, ஆறிப்போகும் என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் படியிறங்கிப் போய் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கவளம் வாயில் போட்டார்.

"உப்பு கம்மி" என்றார்.

"ஆமா" என்றாள் மதினி. "நீங்க இங்கனயே இருங்க. நான் போறேன்."

பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும் நெஞ்சில் கைவைத்தார்கள். நம்மூரில் சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குப் பெட்டி தூக்குகிறவள்கூடத் தெருமுனையில் திரும்பிப் "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்லுவாள், பிணத்துக்கு முன்னால்கூட யாரும் போறேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆதிமூலம் பேருந்துப் படியில் நின்றுகொண்டு, வாரேன்னு ஒரு சொல்லுச் சொல்லிரும்மா, ஒண்ணும் கெட்டுப்போகல என்று கத்தினார். மதினி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆவுடையப்பன் மட்டும் தட்டிலிருந்து நிமிர்ந்து, "மறு சோறு யாரு போடுவா?" என்று கேட்டார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. மதினி தூக்குவாளியில் மிச்சமிருந்ததையும் தட்டில் கவிழ்த்துவிட்டு நடந்தாள்.

நான் திரும்பிப் பார்த்தபோது மேடையில் ஆளில்லை. ஒரு பல்லி தட்டின் விளிம்பில் ஏறி நின்று தயிரை நக்கிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் விபூதிப் பட்டை இருந்ததாக ஆதிமூலம் இன்றைக்கும் வடைக் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார், எனக்கென்னவோ தயிர் என்றுதான் பட்டது. சவம், எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். "கீழ பாத்து வா செம்பகம், எதையும் மிதிச்சிராத" என்று மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

பேருந்தில் ஏறினாள். நெற்றிக் குங்குமத்தைத் துடைத்தாள், தலையில் இருந்த நீலப் பூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டாள். ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். எழவு வீட்டில்கூடக் கழகத்தார் இவ்வளவு அமைதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ரெஜினால்டு முன்னாலிருந்து தலையை எண்ணிக்கொண்டே வந்தார், நடுவில் நின்றார், எங்கள் சீட்டைப் பார்த்தார், திரும்ப முதலிலிருந்து எண்ணினார். பிறகு தினமும் கேட்கிற கேள்வியை, அன்றைக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

ஆதிமூலம் பதில் சொல்ல எழுந்தார். அதற்குள், அந்தப் பயணம் முழுக்க ஒரு நாளும் பேருந்துக்குள் சத்தமாகப் பேசாத மதினி, கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"எல்லாரும் வந்தாச்சு. வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

மரூஷாவுக்குத் தமிழ் தெரியாது. ரெஜினால்டு சொல்லுமுன்னே வண்டியை எடுத்துவிட்டாள்.